ரெண்டு நெட்டு இருந்தும் ஒண்ணும் இல்லாம போன நாள்



போன மாசம் சென்னையில இருந்து ஒரு நண்பர் குடும்பத்தோட மேகம் அருவி பார்க்க வந்திருந்தார். எங்க வீட்டுல களியும் கீரையும் சாப்பிட்டுட்டு, திண்ணைக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன அறையை எட்டிப் பார்த்தார். சுவத்துல அஞ்சு டப்பா பச்சை பச்சையா மினுக்கிக்கிட்டு இருந்துச்சு. "எங்க வீட்டுலயே ஒரு நெட்டுதாங்க. மலை மேல உங்களுக்கு எதுக்கு ரெண்டு?"ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சு வெச்சேன். பிள்ளைங்க முன்னால அந்தக் கதையைச் சொல்ல வேணாம்னு விட்டுட்டேன். இன்னிக்குக் கொல்லையில ஈரம் காயல, மண்வெட்டி பிடிக்க முடியாது. அதனால உக்காந்து எழுதறேன்.

எங்க வெள்ளிமலை எங்க இருக்குன்னு புதுசா படிக்கிறவங்களுக்குச் சொல்லிடறேன். கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறணும். கல்வராயன் மலை. 1976 வரைக்கும் இந்த மலை மூணு ஜாகீர்தாருங்க கையில இருந்துச்சு. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து 29 வருஷம் கழிச்சுத்தான் எங்களுக்கு அரசாங்கம்னு ஒண்ணு நேரா வந்துச்சு. அப்படி எல்லாமே லேட்டா வந்த ஊருக்கு நெட்டு மட்டும் சீக்கிரம் வந்துடுமா? அதுவும் லேட்டாத்தான் வந்துச்சு.

ஆனா வந்தப்புறம் எல்லாம் அதுலதான்னு ஆயிப்போச்சு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, பட்டா, பரீட்சை ரிசல்ட்டு எல்லாமே நெட்டுலதான். மரவள்ளிக்கு ஆத்தூர் ஆலையில இன்னிக்குப் பாயிண்டுக்கு என்ன விலைன்னு கேக்கிறதும் அதுலதான். என் அக்கா மகன் டிப்ளமோ படிச்சவன். "மாமா, உங்க திண்ணை அறையைக் குடுங்க, ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைக்கிறேன்"னான். குடுத்தேன். வாடகை கிடையாது, எனக்குப் பதிவு எழுத ஒரு ஓரம் கொடுத்தாப் போதும்னு சொன்னேன்.

முதல்ல ஒரு ஃபைபர் கனெக்‌ஷன் வாங்கினோம். மலைப்பாதை ஓரமா கம்பம் கம்பமாத் தொங்கிக்கிட்டு வர்ற கண்ணாடி இழைக் கம்பி. காத்தடிச்சா மரம் விழும், மரம் விழுந்தா கம்பி அறுந்துடும். மாசத்துக்கு ரெண்டு தரமாவது போயிடும். அதனால அக்கா மகன் ரெண்டாவதா ஒரு சிம் ரவுட்டரும் வாங்கினான். எங்க வீட்டுக்கிட்ட கையில இருக்கிற போனுக்குச் சிக்னல் எட்டாது. 30 அடி இரும்புக் குழாய் நட்டு, உச்சியில ஆன்டெனா கட்டினாத்தான் எட்டும். கட்டினோம். ரெண்டையும் ஒரு ரவுட்டர்ல சொருகினான். அதுல வான்-1, வான்-2ன்னு ரெண்டு வாய் இருக்கும். நான் ரொம்ப நாளா அது வானம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், ஆன்டெனா மேல இருக்கிறதால. வெளியுலக நெட்டு வந்து நுழையிற வாய்க்கு அப்படிப் பேராம்.

"ஒண்ணு போனா இன்னொண்ணு தானா எடுத்துக்கும் மாமா"ன்னான். நானும் ஊரெல்லாம் அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நம்ம சென்டர்ல நெட்டு போகவே போகாதுன்னு டீக்கடையில பெருமை பேசினேன். அந்தப் பேச்சை நம்பித்தான் எதிர்வீட்டுத் தம்பி தன் பொண்ணை எங்ககிட்ட அனுப்பினான்.

மூணு வருஷத்துக்கு முன்னால, ஆகஸ்ட் மாசம். அந்தப் பொண்ணு பன்னண்டாவதுல நல்ல மார்க்கு. அந்த வீட்டுல பத்தாவது தாண்டின மொத ஆளு அவதான். பொறியியல் கவுன்சிலிங்குல சேலம் அரசு பொறியியல் கல்லூரியில சிவில் ஒதுக்கி வந்திருந்துச்சு. அப்படி ஒதுக்கினது தற்காலிகம்தான். குறிச்ச நேரத்துக்குள்ள உள்ள போய், "எனக்குச் சம்மதம்"னு அழுத்தணும். அழுத்தலைன்னா இடம் கைவிட்டுப் போயிடும். கடைசி நேரம் சாயங்காலம் அஞ்சு மணி. அப்பன் குடகுல காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தான். அவன் வந்து, பீஸு எவ்வளவு, ஹாஸ்டல் எவ்வளவுன்னு கேட்டுட்டுத்தான் சரின்னு சொல்வேன்னுட்டான். அவனையும் தப்பு சொல்ல முடியாது. கடன் வாங்கப் போறவன் அவன்தானே.

அன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்குத்தான் வந்து சேர்ந்தான். மூணரைக்கு மழை பிடிச்சுக்கிச்சு. சாதா மழை இல்ல, பேய்க்காத்து. கணக்கெல்லாம் போட்டு, "சரி, சேரட்டும்"னு அவன் சொன்னப்போ மணி மூணே முக்கால். பொண்ணு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா. பக்கம் திறக்கல. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. ரவுட்டரைப் பார்த்தா எல்லா லைட்டும் பச்சை. அணைச்சுப் போட்டோம், பச்சை. மறுபடியும் அணைச்சுப் போட்டோம், பச்சை. "ரெண்டும் போச்சு மாமா"ன்னான் அக்கா மகன். நாலு பத்துக்குப் பைக்கை எடுத்துக்கிட்டுக் கீழ போயிடலாம்னு கிளம்பினாங்க. நாலாவது வளைவுல மரம் குறுக்கே கிடக்கு. மரத்தை வெட்டி ஒதுக்கறதுக்குள்ள அஞ்சு ஆயிடுச்சு.

ராத்திரி அக்கா மகன் சாப்பிடாம அந்த அறையிலயே உக்காந்திருந்தான். பத்து மணிக்குச் சும்மா ஒரு ஆத்திரத்துல வான்-1ல இருந்த கம்பியைப் பிடுங்கி எறிஞ்சான். அடுத்த நிமிஷம் கம்ப்யூட்டர்ல பக்கம் திறந்துச்சு.

சிம் நெட்டு சாகவே இல்லை, நண்பர்களே. மழை முழுக்க உயிரோடதான் இருந்திருக்கு. அந்தக் கம்பியை மூணே முக்காலுக்குப் பிடுங்கியிருந்தா அந்தப் பொண்ணு அஞ்சு நிமிஷத்துல வேலையை முடிச்சிருப்பா.

மறுநாள் போன் போட்டுக் கேட்டோம். முடிஞ்ச நேரம் முடிஞ்சதுதான். அப்புறம் நடந்த கவுன்சிலிங்குல கிடைச்சது தூரத்துல ஒரு தனியார் காலேஜ். அந்தச் செலவு அவங்களால ஆகாது. கள்ளக்குறிச்சியில கலைக் கல்லூரியில பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தா. அவ அப்பன் என்கிட்ட வந்து, "விடுங்கண்ணே, மழை பெஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னான். நாலு திட்டு திட்டியிருந்தாக்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும். அது மழை செஞ்ச வேலை இல்லைன்னு எனக்கும் அக்கா மகனுக்கும் மட்டும்தான் அப்போ தெரியும். ரெண்டு நாள் கழிச்சு அவன்கிட்ட உண்மையைச் சொன்னேன். ஒண்ணும் பேசாம எழுந்து போனான்.

அதுக்கப்புறம் நான் பன்னண்டாவதோட நிறுத்தின படிப்பைத் திரும்ப ஆரம்பிச்ச மாதிரி ஆயிடுச்சு. ராத்திரியில அக்கா மகனும் நானும் உக்காந்து, ஏன் மாறலைன்னு தோண்டினோம். தெரிஞ்சதை வரிசையாச் சொல்றேன். பட்டணத்துல வீட்டுலயே ஆபீஸ் வேலை பார்க்கிற உங்களுக்கும் இது ஆகும்.

முதல் தப்பு இது. சுவத்துல இருக்கிற ஃபைபர் டப்பாவுக்கும் ரவுட்டருக்கும் நடுவுல ஒரு ஒயர் இருக்கு, ஒரு முழம் நீளம். மலைப்பாதையில அறுந்தது வெளியே போற கண்ணாடி இழை. இந்த ஒரு முழ ஒயருக்கு ஒண்ணும் ஆகல. ரவுட்டர் பார்க்கிறது அந்த ஒரு முழத்தை மட்டும்தான். டப்பா உயிரோட இருக்கு, ஒயர் நல்லா இருக்கு, அப்போ வான்-1 நல்லா இருக்குன்னு முடிவு கட்டி, எல்லாத்தையும் அந்தச் செத்த வழியிலயே அனுப்பிக்கிட்டு இருந்திருக்கு. மோட்டார் சத்தம் கேக்குதேன்னு வரப்புல படுத்துத் தூங்கிட்டு, காலையில பார்த்தா ஒரு பாத்திக்கும் தண்ணி பாயாம கிடக்கும் பாருங்க, அதே கதை. மோட்டார் ஓடுதான்னு கேக்கக் கூடாது, கடைசிப் பாத்தி நனைஞ்சிருக்கான்னு பார்க்கணும்.

அதுக்கு ரவுட்டர்லயே வழி இருக்கு. வெளியுலகத்துல ரொம்ப தூரத்துல இருக்கிற ஒரு முகவரியை, "இருக்கியா?"ன்னு அஞ்சு வினாடிக்கு ஒருதரம் கூப்பிடச் சொல்லணும். இதுக்குப் பிங்னு பேரு. கூகுளோட 8.8.8.8, கிளவுட்ஃபிளேரோட 1.1.1.1 இதெல்லாம் யாரு கூப்பிட்டாலும் பதில் சொல்ற முகவரிங்க. ஒண்ணை மட்டும் நம்பாதீங்க, ரெண்டைக் கூப்பிடச் சொல்லுங்க. அந்த ஒரு சர்வருக்கு உடம்பு சரியில்லைன்னா உங்க நெட்டே செத்ததா ரவுட்டர் நினைச்சுடும். மூணு தரம் தொடர்ந்து ரெண்டுமே பதில் சொல்லலைன்னா வழி செத்துப் போச்சுன்னு முடிவு.

இதைப் போட்ட அன்னிக்கு ராத்திரி ஒரு வேடிக்கை நடந்துச்சு. சோதிக்கிறதுக்காக ஃபைபர் இழையை நாங்களே கழட்டி விட்டோம். ரவுட்டர் சிம்முக்கு மாறிச்சு, ஒரே சந்தோஷம். இருபது வினாடியில மறுபடி செத்த வழிக்கே போயிடுச்சு. அப்புறம் சிம்மு, அப்புறம் ஃபைபரு. விடிய விடிய குரங்கு மாதிரி தாவிக்கிட்டே இருந்துச்சு. காரணம் கண்டுபிடிக்க மூணு நாள் ஆச்சு. சிம்முக்கு மாறினதும், "8.8.8.8 இருக்கியா"ங்கிற கூப்பாடும் சிம் வழியாவே போகுது. அங்க பதில் வருது. பதில் வந்துடுச்சே, ஃபைபர் பொழைச்சுக்கிச்சுன்னு ரவுட்டர் திரும்பிப் போகுது. அங்க போனா பதில் இல்லை, மறுபடி இங்க வருது. ஒவ்வொரு வழியோட சோதனையும் அந்தந்த வழியில மட்டும்தான் போகணும்னு கட்டிப் போட்டப்புறம்தான் தாவல் நின்னுச்சு. திரும்பி வர்றதுக்கும் அவசரப்படக் கூடாது. கம்பியை ஒட்டுறவங்க வேலை செய்யும்போது ஒரு நிமிஷம் வரும், ஒரு நிமிஷம் போகும். தொடர்ந்து அஞ்சு நிமிஷம் நல்லா இருந்தாத்தான் ஃபைபருக்குத் திரும்பணும்னு வெச்சிருக்கோம்.

இன்னொரு சின்னப் பொறி. வழி மாறிடுச்சு, பிங் போகுது, ஆனா பக்கம் மட்டும் திறக்கல. எழுத்துல இருக்கிற பேரை எண் முகவரியா மாத்திக் கொடுக்கிற சர்வர் ஒண்ணு உண்டு. நம்ம ரவுட்டர் ஃபைபர்காரரோட சர்வரையே கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. அவங்க சர்வர் அவங்க வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். சிம் வழியா போய்க் கேட்டா வாயைத் திறக்காது. எந்த வழியில போனாலும் பதில் சொல்ற பொது சர்வரைப் போட்டதும் சரியாப் போச்சு.

அடுத்தது பங்கு பிரிக்கிறது. ரெண்டு நெட்டுக்கும் மாசாமாசம் காசு கட்டறோம், ஒண்ணு எதுக்குச் சும்மா கிடக்கணும், ரெண்டையும் ஒண்ணா ஓட்டுவோம்னு எனக்கு ஆசை. ஃபைபர்ல 40 எம்பி வேகம், சிம்முல 10. சரிபாதியாப் பிரிச்சா சிம் திணறும். நாலுக்கு ஒண்ணுன்னு பிரிக்கணும். அஞ்சு ஆளு வந்தா நாலு பேரை ஃபைபருக்கும் ஒருத்தரைச் சிம்முக்கும் அனுப்பும். இதுல நான் ஒண்ணு தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருந்தேன். 40ம் 10ம் சேர்ந்து ஒரு படத்தை 50 வேகத்துல இறக்கும்னு நினைச்சேன். இறக்காது. ஒரு இறக்கம் ஒரு வழியில மட்டும்தான் போகும். பத்துப் பேரு ஒரே நேரத்துல உக்காந்தா நெரிசல் குறையும், அவ்வளவுதான் லாபம்.

பங்கு பிரிச்ச மறுவாரமே வம்பு வந்துச்சு. பேங்க் பக்கமும் சில அரசுப் பக்கங்களும் பாதியில வெளியே தள்ளிவிட ஆரம்பிச்சது. கடவுச்சொல் போட்டு உள்ள போனா, அடுத்த பக்கத்துல "மறுபடி உள்ள வா"ங்குது. ஒரே ஆளு ஒரு அடி ஃபைபர் வழியாவும், அடுத்த அடி சிம் வழியாவும் வைக்கிறான். பேங்குக்குப் பார்த்தா ரெண்டு வேற வேற முகவரியில இருந்து ரெண்டு பேரு வர்ற மாதிரி தெரியுது. திருடனோன்னு சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்துது. அது செய்யறது சரிதான். ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு தளத்துக்குப் போறது எல்லாம் முதல்ல பிடிச்ச வழியிலயே போகணும்னு ஒரு விதி போட்டதும் நின்னுச்சு. உங்க வீட்டுல ரெண்டு லைன் ஓட்டறவங்க இதை முதல்ல கவனிங்க.

அதே காரணத்தால, வழி மாறுற அந்த இருபது வினாடியில யாராவது பணம் கட்டிக்கிட்டு இருந்தா அது அறுந்துதான் போகும். என்ன ரவுட்டர் வெச்சாலும் நம்ம மாதிரி சின்ன இடத்துல அதைத் தடுக்க முடியாது. அதனால சென்டர்ல ஒரு பலகை எழுதி வெச்சிருக்கோம்: பணம் போயிருக்கான்னு கணக்கைப் பார்க்காம ரெண்டாவது தரம் கட்டாதீங்க. சிம் நெட்டுல தினம் இவ்வளவுதான்னு அளவும் இருக்கு. ஃபைபர் போனதும் பசங்க போன்ல வீடியோ ஓடினா ஒரு மணி நேரத்துல அளவு தீர்ந்துடும். ஃபைபர் செத்துட்டா சென்டர் கம்ப்யூட்டர் ரெண்டுக்கு மட்டும்தான் வழின்னு வெச்சாச்சு. பசங்களுக்கு என் மேல கோவம்தான். வறட்சியில மொதல்ல குடிக்கத் தண்ணி, அப்புறம்தான் தோட்டத்துக்குன்னு சொல்லிட்டேன்.

இவ்வளவும் செஞ்சு முடிச்ச வருஷம் ஒரு நாள் ரெண்டுமே ஒரே நேரத்துல போச்சு. இந்தத் தரம் நெஜமாவே ரெண்டும். விசாரிச்சா, எங்க சிம்மோட டவருக்கு நெட்டு வர்றதும் அதே மலைப்பாதைக் கம்பம் வழியாத்தானாம். ஒரே மரம் ரெண்டையும் சாய்ச்சிருக்கு. பேரு ரெண்டு, பில்லு ரெண்டு, வேரு ஒண்ணு.

இது நம்ம மலையில மட்டும் நடக்கிற விஷயம் இல்ல. 2008 ஜனவரி 30ஆம் தேதி எகிப்துல அலெக்சாண்டிரியா பக்கத்துல கடலுக்கு அடியில போற ரெண்டு பெரிய கேபிள் ஒரே நாள்ல அறுந்துச்சு. அதுல ஒண்ணு மும்பையிலயும் சென்னையிலயும் கரையேறுற சீ-மீ-வீ 4. இன்னொண்ணு ஃபிளாக். ரெண்டு தனித்தனி கேபிள்தான். ஆனா ஐரோப்பாவுக்குப் போற வழியில ரெண்டும் அந்தக் குறுகலான இடத்துல பக்கத்துப் பக்கத்துல போகுது. இந்தியாவுல நெட்டு பாதியாச் சுருங்கிப் போச்சு. அப்போ கைகொடுத்தது கிழக்குப் பக்கம் போற கேபிளுங்க. சென்னையில இருந்து சிங்கப்பூர் போயி, உலகத்தை அந்தப் பக்கமாச் சுத்திக்கிட்டுப் போகத் திருப்பி விட்டாங்க. தூரம் ஜாஸ்தி, ஆனா போய்ச் சேர்ந்துச்சு. டோங்கான்னு பசிபிக் கடல்ல ஒரு தீவு நாடு. 2022 ஜனவரி 15ல கடலுக்குள்ள எரிமலை வெடிச்சு, வெளியுலகத்துக்கு இருந்த ஒரே கேபிளும் அறுந்துச்சு. ஒட்டறதுக்கு அஞ்சு வாரம் ஆச்சு. அதுவரைக்கும் சாட்டிலைட்டுல சொட்டுச் சொட்டா வந்ததை வெச்சுத்தான் ஒரு நாடே சமாளிச்சுது.

அதனால நாங்க வேற கம்பெனி சிம்மு தேடறதுக்கு முன்னால வேற டவர் தேடினோம். மேற்குப் பக்கம் ஒரு டவர் உண்டு. அதுல உச்சியில மத்தளம் மாதிரி வெள்ளையா ஒரு தட்டு தெரியும். அப்படித் தட்டு இருந்தா அதுக்கு நெட்டு கம்பியில வராம, மலை விட்டு மலை காத்து வழியா வரலாம்னு அர்த்தம். விசாரிச்சு உறுதி பண்ணிக்கிட்டு ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பினோம். வேகம் பத்துல இருந்து ஆறாக் குறைஞ்சுச்சு. பரவாயில்லை. மரம் விழுந்தா போகாது.

கடைசியா, ரவுட்டரே செத்துட்டா? அதுக்கும் ஒரு வழி இருக்கு. சாமைக்குக் கதிர் வந்துட்டா நாங்க காட்டுப்பன்னிக்குப் பரண் கட்டிக் காவல் இருப்போம். ஒரு பரண்ல இருக்கிறவன் அப்பப்போ "ஓ"ன்னு ஒரு குரல் விடுவான். அடுத்த பரண்ல இருக்கிறவன் சும்மா படுத்திருப்பான். குரல் வர்ற வரைக்கும் அவனுக்கு வேலை இல்லை. மூணு தரம் குரல் வரலைன்னா எழுந்து டார்ச்சை எடுத்துக்குவான். அதேதான் ரவுட்டர்லயும். விஆர்ஆர்பின்னு பேரு, 1998ல விதிமுறையா எழுதி வெச்சிருக்காங்க. பெரிய ரவுட்டர் வினாடிக்கு ஒருதரம் "இருக்கேன்"னு குரல் விடும். மூணு குரல் தப்பினா பக்கத்துல இருக்கிற பழைய ரவுட்டர் அதே முகவரியை எடுத்துக்கிட்டு வேலையை ஆரம்பிக்கும். கம்ப்யூட்டருக்கு ஆளு மாறினதே தெரியாது. எங்க பழைய ரவுட்டரைச் சிம் டப்பாவுல மட்டும் சொருகி வெச்சிருக்கோம். வேகம் கம்மி, ஆனா ஆபத்துக்கு ஆகும்.

கரண்டுக்கு 12 வோல்ட் பேட்டரி ஒண்ணு தனியா. டப்பாங்க எல்லாம் சேர்ந்தாலும் 30 வாட்டுக்குள்ளதான் இழுக்குது, எட்டு மணி நேரம் தாங்குது. எல்லா ஒயரும் வந்து சேர்ற ஸ்விட்ச் டப்பா மட்டும் இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். அது போனா எல்லாம் போகும். அதுக்கு இன்னொண்ணு வாங்கி அட்டைப் பெட்டியோட பரண் மேல வெச்சிருக்கோம். நண்பர் பார்த்துச் சிரிச்ச அஞ்சு டப்பா இதுதான்.

இதெல்லாத்தையும் விடப் பெரிய பாடம் ஒண்ணு இருக்கு. அன்னிக்கு அந்தக் கம்பியை ஒருதரமாவது பிடுங்கிப் பார்த்திருந்தா, சென்டர் திறந்த முதல் வாரமே எங்க தப்பு தெரிஞ்சிருக்கும். நாங்க சொருகினோம், பச்சை எரிஞ்சுது, ஊருக்கு வாக்குக் கொடுத்துட்டோம். இப்ப மாசம் முதல் ஞாயித்துக்கிழமை கம்பி பிடுங்குற நாள். ஒயரை மட்டும் பிடுங்கினாப் பத்தாது, டப்பாவுக்குப் பின்னால இருக்கிற கண்ணாடி இழையைக் கழட்டணும். எத்தனை வினாடியில மாறுதுன்னு நோட்டுல எழுதணும். இந்த வேலையை யாரு செய்யறான்னு நினைக்கிறீங்க? எதிர்வீட்டுப் பொண்ணுதான். காலேஜ் லீவுல ஒரு நாள் தானா வந்து, "பெரியப்பா, அன்னிக்கு ஏன் வரலைன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க"ன்னு கேட்டா. சொல்றதுக்கு எனக்கு நாக்கு எழலை. அக்கா மகன்தான் எல்லாத்தையும் காட்டினான். எங்க தப்பைப் பூராவும் கேட்டுட்டு, "அப்போ மாசாமாசம் நானே பிடுங்கறேன்"னா. அவ்வளவுதான் சொன்னா.

இந்த வருஷம் அவ தம்பிக்குக் கவுன்சிலிங். சம்மதம் அழுத்தற நாள். இந்தத் தரம் கடைசி நாள் வரைக்கும் வைக்கல, முதல் நாளே வந்துட்டாங்க. மானம் வெளுத்துக் கிடக்கு, மழை இல்ல, காத்து இல்ல. மத்தியானம் ரெண்டு மணிக்குப் பையன் உக்காந்தான், அழுத்தினான், காகிதத்தை அச்சடிச்சு எடுத்தான். எல்லாரும் டீ குடிச்சோம். நாலு மணிக்குத்தான் அக்கா மகன் போனைப் பார்த்துட்டு, "மாமா, ஒண்ணேமுக்காலுக்கே ஃபைபர் போச்சு. ரோட்டு வேலையில ஜேசிபி இழுத்துடுச்சாம்"னான்.

பொண்ணு நோட்டை எடுத்து எழுதினா. "1.46 ஃபைபர் போனது. 1.46 சிம் வந்தது." நான் எட்டிப் பார்த்தேன். அதுக்குக் கீழ வேற ஒண்ணும் எழுதல. அவ பி.எஸ்சி. முடிச்சுட்டு இப்ப பி.எட். சேரக் காத்திருக்கா. சிவில் படிச்சிருந்தா என்ன ஆகியிருப்பான்னு நான் அப்பப்போ நினைக்கிறதுண்டு. அவ நினைக்கிறாளான்னு கேட்டதில்ல.

அவ அப்பன் டம்ளரைக் கீழ வெச்சுட்டு, "என்னாண்ணே, நெட்டு போச்சா?"ன்னு கேட்டான்.

"போச்சு தம்பி. உன் பையன் அழுத்தும்போது அது இல்ல."

அவன் கொஞ்ச நேரம் அந்த டப்பாங்களைப் பார்த்துக்கிட்டே இருந்தான். அப்புறம் எழுந்து, "சரிண்ணே, கிழங்குக்கு மண்ணு அணைக்கணும்"னு கிளம்பிட்டான்.

நண்பர்களே, உங்க வீட்டுல ரெண்டு லைன் இருந்தா இந்த ஞாயித்துக்கிழமை ஒண்ணைப் பிடுங்கிப் பாருங்க. மழை வர்றதுக்கு முன்னால.

அடுத்த பதிவுல சாமை விதைப்பு பத்தி எழுதறேன்.